பேனாக்கத்திக்கு உறை வேண்டுமா, வேண்டாமா?

12 நவம்பர் 2023: வாசகர் ஒருவரின் கேள்வி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்றை நண்பர் ஒருவர் எனக்குப் பரிசளித்தார். கூடவே அதற்கென்று தோலில் தைத்த சிறிய உறை ஒன்றும் வந்தது. மடக்கினால் அலகு முழுவதும் பிடிக்குள் போய்விடுகிறது; அப்படியென்றால் பிடியே அதற்கு உறைதானே? உறைக்கு இன்னோர் உறை எதற்கு? வெறுமனே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

12 நவம்பர் 2023, இரவு

ஒன்றும் குறைந்துவிடாது. நான் 9 ஆண்டுகளாக ஷெஃபீல்டில் வசிக்கிறேன். இந்த ஊரிலேயே செய்த, ரோஸ்வுட் பிடி போட்ட கத்தி ஒன்றை ஏறக்குறைய அத்தனை ஆண்டுகளும் வலது கால்சட்டைப் பையில் உறையில்லாமல்தான் வைத்திருக்கிறேன். மடக்கிய நிலையில் அது 10 சென்டிமீட்டர் நீளம். அலகு கரிம எஃகு. இங்கே 'லாம்ப்ஃபுட்' என்று அழைக்கப்படும் வடிவம், அதாவது வெட்டும் விளிம்பு அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல் நேராக ஓட, முதுகு மட்டும் நுனியை நோக்கிச் சரிந்து இறங்கும். வாங்கிய நாளில் பிடியின் முனையில் இருந்த பூண் கண்ணாடியாக மின்னியது. இன்று அதில் மெல்லிய கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பல ஆண்டுகள் புழங்கிய குங்குமச்சிமிழின் மங்கிய பளபளப்பு வந்திருக்கிறது. முதல் கீறல் வலித்தது உண்மை. ஐம்பதாவது கீறலுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

உறையோடு கத்தியை விற்பது கடைக்காரருக்கு நல்லது. கத்திக்கு அதனால் என்ன லாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

13 நவம்பர் 2023

நேற்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டார். பதில் ஒன்றும் சொல்லாமல் என் கால்சட்டைகளில் நான்கை எடுத்து வந்து மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வலது பையையும் வெளியே இழுத்துப் போட்டார். நான்கிலும் அடித்தையலுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே இடத்தில், துணி நைந்து ஓட்டை விழுந்திருந்தது. இரண்டை அவர் முன்பே தைத்திருக்கிறார் என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

எனவே 'ஒன்றும் குறைந்துவிடாது' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கத்திக்கு ஒன்றும் குறையவில்லை, துணிக்குக் குறைந்திருக்கிறது.

13 நவம்பர் 2023, சற்றுப் பின்னர்

சாவிக்கொத்தும் அதே பையில்தான் இருந்தது என்று என் தரப்பு வாதத்தை முன்வைத்தேன். சாவிகள் எப்போதும் இடது பையில்தான் இருக்கின்றன என்று நினைவூட்டப்பட்டது. வழக்கு முடிந்தது.

18 நவம்பர் 2023

ஒரு வாரம் உறையோடு வைத்துப் பார்ப்பதென்று முடிவுசெய்து, கேள்வி கேட்ட நண்பருக்கு வந்ததைப் போன்ற ஓர் எளிய தோலுறையைக் கடையில் வாங்கினேன். இடுப்புவாரில் கோக்கும் உறையன்று இது. பைக்குள்ளேயே கிடக்கும், மேலே திறந்த, மூடியோ பொத்தானோ இல்லாத சிறு கூடு. இதைத்தான் இங்குள்ளவர்கள் 'ஸ்லிப்' என்கிறார்கள்.

ஐந்தாம் நாள் வரை பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆறாம் நாள் காரில் உட்கார்ந்தபோதுதான் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றி, என்னவென்று யோசித்தேன். தொடையில் குத்தவில்லை. வெறுமனே போட்ட கத்தி பையின் அடிக்குப் போய்க் குறுக்கே படுத்துக்கொள்ளும். நின்றால் தெரியாது. உட்கார்ந்தவுடன் தொடைக்கும் துணிக்கும் நடுவே குறுக்காக ஒரு கட்டை மாட்டிக்கொண்டதுபோல் அழுத்தும். இதற்காகவே காரில் ஏறியதும் கத்தியை எடுத்து கோப்பை வைக்கும் குழியில் போடும் பழக்கம் எனக்கு இருந்தது, இறங்கும்போது அதை மறந்துவிட்டு வரும் பழக்கமும் இருந்தது. உறைக்குள் இருக்கும்போது தோலின் சொரசொரப்பான வெளிப்புறம் துணியைப் பற்றிக்கொள்வதால் கத்தி படுப்பதில்லை. பையின் பின்தையலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. கை விட்டவுடன் எந்த முனை மேலே இருக்கிறது என்று தேட வேண்டியதும் இல்லை.

கீறல், துரு, அழகு என்று எல்லாரும் எதை எதையோ பேசுகிறார்கள். உறையின் முதல் வேலை கத்தியை நிற்க வைப்பது என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

19 நவம்பர் 2023

சொல் குறித்து ஒரு குழப்பம் எழுந்திருக்கிறது. இவ்வகைக் கத்திகளை ஆங்கிலத்தில் 'ஸ்லிப்ஜாயின்ட்' என்று சொல்வதற்கும், பைக்குள் வைக்கும் 'ஸ்லிப்' உறைக்கும் தொடர்பில்லை. முன்னது மூட்டைப் பற்றியது: அலகின் அடிக்கட்டையை ஒரு முதுகு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், அந்த அழுத்தத்தாலேயே அலகு திறந்தும் நிற்கும், மூடியும் நிற்கும், எந்த நிலையிலும் பூட்டு இல்லை. உறை இல்லாவிட்டாலும் அது ஸ்லிப்ஜாயின்ட்தான். பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் பிறந்தவன் பூட்டே இல்லாத கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்பதை ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

3 டிசம்பர் 2023

ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசியதால், 'பையில் தானாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும்' என்று மூவர் கேட்டுவிட்டார்கள். நல்ல வேலைப்பாடுள்ள கத்தி தானாகத் திறக்காது. இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தைப் பிடித்து அலகைக் கால்வாசி தூக்கிவிட்டு விட்டால், அது 'டக்' என்ற ஓசையோடு மீண்டும் உள்ளே போய் உட்கார வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்த நடையையும் ஓசையையும் சேர்த்து 'வாக் அண்ட் டாக்' என்கிறார்கள். ஒரு கத்தியைக் காதாலேயே எடைபோடுவார்கள். அடுத்து, மூடிய கத்தியின் வாய்ப்பக்கத்தில் ஈரமில்லாத விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நுனி, பிடிக்குள் இருபுறமும் உள்ள உலோக உள்தகடுகளின் மட்டத்துக்குக் கீழே முழுவதுமாகப் புதைந்திருக்க வேண்டும். மயிரிழை அளவு தலை தூக்கியிருந்தாலும் அது முதலில் துணி நூலையும், பிறகு உங்கள் விரலையும் பிடிக்கும்.

அலகு எவ்வளவு தாழ உட்கார வேண்டும், ஆனால் விளிம்பு ஸ்பிரிங்கில் மோதி மழுங்காமல் அடிக்கட்டை அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. ஷெஃபீல்டில் தனியாகப் பட்டறை வைத்து வேலைசெய்த கைவினைஞர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அவர்களில் பெரும்பெயர் பெற்ற ஸ்டான் ஷா, 14 வயதில் 1941இல் வேலைக்குச் சேர்ந்து, 90 வயதைத் தாண்டியும் மடக்குக் கத்தி செய்துகொண்டிருந்து, 2021இல் மறைந்தார். அப்படிப்பட்ட கையிலிருந்து வந்த கத்திக்குப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக உறை தேவையில்லை. சந்தையில் மலிவாகக் கிடைத்த, நுனி எட்டிப் பார்க்கும் கத்திக்குத் தேவை. உண்மையில் அதற்குத் தேவைப்படுவது குப்பைத்தொட்டி.

4 டிசம்பர் 2023

கடைசி வரியைக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நுனி எட்டிப் பார்ப்பதைப் பல நேரங்களில் சரிசெய்துவிடலாம். அலகின் முதுகுப் பக்கமாக நுனியைச் சாணைக்கல்லில் சிறிது தேய்த்து இறக்கினால் போதும். விளிம்புப் பக்கம் தேய்க்காதீர்கள்.

21 டிசம்பர் 2023

குளிர்காலம் இன்னொரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. அது உறைக்கு நேரடியாகத் தொடர்புடையதன்று என்றாலும் இங்கேயே எழுதிவைக்கிறேன். ஊரில் பாட்டி அரிவாள்மனைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், கத்தியின் மூட்டுக்கும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுவந்தேன். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். உடலை ஒட்டிய கால்சட்டைப் பையில் அது திரவமாகவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. குளிருக்காகக் கத்தியை உறையோடு மேலங்கிப் பைக்கு மாற்றிய அன்று, பூங்காவில் ஆரஞ்சுப் பழம் உரிக்க எடுத்தால் அலகு வரவில்லை. நகம் மடங்கியதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து விளக்கில் பார்த்தபோது மூட்டின் இடுக்கில் வெண்ணெய்போல் வெள்ளையாக உறைந்து நின்றது. இப்போது மருந்துக்கடையில் விற்கும் மினரல் ஆயில்தான் விடுகிறேன். வாசனையும் இல்லை, காறலும் எடுக்காது.

7 ஜனவரி 2024

உறையில்லாக் கட்சிக்கு இன்று பலத்த அடி. புத்தாண்டுக்குக் கத்திகளையெல்லாம் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்து, 9 ஆண்டுகள் வெறுமனே சுமந்த அந்த லாம்ப்ஃபுட் கத்தியை முழுவதும் திறந்து, பல்குத்தும் குச்சியால் அலகு உட்காரும் பள்ளத்தைக் கிளறினேன். மாதந்தோறும் மேலோட்டமாகத் துடைக்கிறேன் என்பதால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால், சாம்பல் நிறத்தில், கம்பளித்துணியைப் போல அழுந்தி இறுகிய ஒரு பட்டை, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு, முழுசாக உரிந்து வந்தது. பைத்துணியின் பஞ்சுத்தூள் எண்ணெயோடு சேர்ந்து பள்ளத்தின் அடியில் திரியாகத் திரண்டிருக்கிறது. அதில் பழச்சாறு, வியர்வை, மழைநீர் எல்லாம் ஊறியிருக்கும். பட்டைக்கு அடியில் ஸ்பிரிங்கின் உட்புறத்தில் மிளகளவு துருக்குழி ஒன்று.

நண்பர் கேட்டதுபோல் பிடியே உறைதான். ஆனால் அது வாய் திறந்த உறை. பையில் வாய்ப்பக்கம் எங்கே பார்த்துக் கிடந்தாலும் தூசு உள்ளே விழும். தோலுறைக்குள் இருந்தால் அந்தத் தூசு உள்ளே போக வழி குறைவு.

20 ஜனவரி 2024

என் சித்தப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் தொட்டிகளின் வாசனை அவர் சட்டையிலிருந்து போனதே இல்லை. அந்த முறையில் பதனிட்ட தோலை வணிகத்தில் 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்பார்கள். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்களிலிருந்து பாதி பதனிட்ட நிலையில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய், இங்கே இறுதி வேலைப்பாடு பெற்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது பெரும்பாலான தொழிற்சாலைகள் குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்கு மாறிவிட்டன. அது நாள்கணக்கில் முடிந்துவிடும் வேலை, பட்டையில் பதனிடுவது வாரக்கணக்கில் நடக்கும் வேலை.

கடையில் வாங்கிய உறை குரோம் தோல். மென்மையாக இருக்கிறது; ஒரு மாதத்துக்குப் பிறகு காலுறையைப் போலத் தொளதொளத்துவிட்டது, கத்தியை நிற்க வைக்கும் சத்து அதில் இல்லை. ஆகவே சித்தப்பாவிடம் சொல்லி, பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒரு துண்டு வரவழைத்திருக்கிறேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், தேன் நிறம், மூக்கருகே கொண்டுபோனால் அந்தச் சட்டையின் வாசனை. நானே தைக்கப்போகிறேன்.

28 ஜனவரி 2024

தைத்தேன், கெடுத்தேன். நடந்ததை முறையாக எழுதுகிறேன். இதே தவற்றை இன்னொருவர் செய்ய வேண்டாம்.

பட்டைத் தோலின் சிறப்பு, தண்ணீரில் நனைத்து அழுத்தினால் அழுத்திய வடிவத்தைக் காய்ந்த பிறகும் விடாமல் வைத்திருப்பது. தோலை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, கத்தியை உள்ளே வைத்து, விரலால் பூணையும் முதுகையும் சுற்றி அழுத்தி, அப்படியே காயவிட வேண்டும். செய்தேன். உலோகத்தின்மீது மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டும் என்று படித்திருந்தும், ஒரு சுற்று சுற்றியதே போதும் என்று விட்டுவிட்டேன். தாள் வாய்ப்பக்கத்தில் கிழிந்திருக்கிறது. காலையில் எடுத்தால், தேன் நிறத் தோலின் உட்புறத்தில் ஸ்பிரிங்கின் முதுகு பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோல் கருநீலக் கோடு.

மை கொட்டியதுபோல் என்ன, மையேதான். கடுக்காய்த் துவர்ப்பும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை உண்டாகும் என்பது நம்மவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. துவர்ப்பு ஏறிய ஈரத்தோலில் இரும்பை ஓர் இரவு வைத்தேன், மை காய்ச்சிவிட்டேன். உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

மாங்காய் நறுக்கினால் கரிம எஃகு அலகு கறுப்பதும் இதன் உறவுமுறைதான். அந்தக் கறுப்பை நான் துடைப்பதில்லை. அது அலகில் ஒட்டிய மெல்லிய படலம், சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

4 பிப்ரவரி 2024

இரண்டாவது உறை சரியாக வந்தது. பிளாஸ்டிக் தாள் மூன்று சுற்று. இரண்டு ஊசி, மெழுகு பூசிய நூல், ஒரே துளை வழியே இருபுறமிருந்தும் இழுக்கும் தையல். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் முழுவதும் காயவிட்ட பிறகே கத்தியை வைத்தேன்.

10 பிப்ரவரி 2024

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: 'நீங்கள் எல்லாரும் கால்சட்டைப் பையின் அடித்தையலைப் பற்றி மூன்று மாதமாக விவாதிக்கிறீர்கள். என் உடைகள் பாதியில் பையே கிடையாது, இருப்பதில் இரண்டு விரல் நுழையாது. கைப்பையில் போட்டால் சில்லறையோடு கலந்துவிடுகிறது. நான் என்ன செய்வது?'

நியாயமான குற்றச்சாட்டு. உறை மிகவும் தேவைப்படும் இடம் கைப்பைதான் என்று இப்போது தோன்றுகிறது. கால்சட்டைப் பையில் கத்தி உடலோடு ஒட்டி அமைதியாகக் கிடக்கிறது. கைப்பையிலோ சாவி, நாணயம், பேனா, கைப்பேசி எல்லாவற்றோடும் நாள் முழுவதும் குலுங்குகிறது. பூண்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வர், அதாவது பூஜைச் சாமான் கடைகளில் நாம் 'ஜெர்மன் சில்வர்' என்று வாங்கும் உலோகம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எஃகுச் சாவிக்கு முன் அது மெத்தென்ற உலோகம். கைப்பேசித் திரையில் பூண் உரசினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மடக்கினால் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேலான, அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தின் 'பீனட்' போன்ற சிறு கத்தியும், அதற்கேற்ற உறையும், உறையில் ஒரு சிவப்பு நூலும் போதும். நூலைப் பிடித்து இழுத்தால் கைப்பையின் ஆழத்திலிருந்து வந்துவிடும்.

தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. அவர் கத்தி வெற்றிலைச் சுருக்குப்பையில் பாக்குவெட்டியோடு கிடந்தது. சுருக்குப்பையும் ஓர் உறைதானே?

11 பிப்ரவரி 2024

சகோதரிக்கு எழுதியதில் ஒரு திருத்தம். சுருக்குப்பையை உறையோடு ஒப்பிட்டது சரியில்லை. அதில் சுண்ணாம்பு டப்பாவும் இருந்தது. தாத்தாவின் கத்திப் பிடியில் இருந்த வெள்ளைத் திட்டுகள் தந்தம் இழைத்த வேலைப்பாடு என்று சிறு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

2 மார்ச் 2024

சட்டம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக, இங்கிலாந்துக்கு மட்டும்: 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மிகாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணமின்றியும் வைத்திருக்க விடுகிறது. அலகு திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளுமானால் அந்த விலக்கு பொருந்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உறை இருப்பதும் இல்லாததும் இதில் எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தாது. இடுப்புவாரில் தெரியும்படி தொங்கும் உறையைப் பார்த்துப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் மாறுவது வேறு கதை. அதனால்தான் பைக்குள் மறையும் உறையை நான் விரும்புகிறேன்.

17 மார்ச் 2024

பிரான்சின் ஒப்பினெல் வைத்திருப்பவர்களுக்குத் தனியே எழுத வேண்டும். 1890 முதல் சவோய் பகுதியில் செய்யப்பட்டுவரும் மரப்பிடிக் கத்தி அது. எண்களால் அளவு சொல்வார்கள். 6ஆம் எண் முதலான பெரிய அளவுகளில் 1955இல் வந்த சுழல்வளையம் அலகைத் திறந்த நிலையில் பூட்டும். 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம். எனவே திறந்துகொள்ளும் என்ற அச்சத்துக்கு உறை வேண்டாம். நான் முன்பு சொன்ன சட்ட விலக்கும் இதற்குக் கிடைக்காது என்பதை மறக்காதீர்கள். வளையமில்லாத 5ஆம் எண் வரையிலான சிறியவற்றுக்குக் கிடைக்கும். இதில் உறை செய்யக்கூடிய கெடுதல் வேறு. பிடி பீச் மரம். ஈரம் குடித்தால் உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்த கத்தியை அப்படியே தோலுறையில் செருகினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் திறக்காது. வெறும் பையில் அது தானாகவே காய்ந்துவிடும்.

ஜப்பானின் ஹிகோனோகாமிக்கு நேர்மாறு. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. உராய்வும், அலகின் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலும்தான். அந்த நெம்புகோல் சட்டையில் பட்டு அழுந்தினால் அலகு அசையும். அதை உறையில்லாமல் பையில் போடாதீர்கள்.

12 மே 2024

ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும் விமானத்துக்காகக் கத்தியை முறைப்படி பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, காலியான உறையை மட்டும் சட்டைப்பையில் மறந்துவிட்டேன். சோதனைக் காவலர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரத்தில் வடிவெடுத்த தோல். உள்ளே என்ன இருந்தது என்பது பூண் வரை அச்சாகத் தெரிகிறது.

'இது என்ன சார்?'

'உறை.'

'எதுக்கு உறை?'

உண்மையைச் சொன்னேன். அடுத்த இருபது நிமிடத்தில் என் காலணி, இடுப்புவார், மடிக்கணினி, மாங்காய் ஊறுகாய் பாட்டில் எல்லாம் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. ஊறுகாய் போய்விட்டது, உறை திரும்பி வந்தது.

30 ஜூன் 2024

ஜனவரியில் உறைக்கு நான் கொடுத்த வெற்றியை இன்று பாதி திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போன ஆறு வாரமும் இரண்டாவது கத்தியான பீனட்டை, கடையில் வாங்கிய அந்தக் குரோம் தோலுறைக்குள் வைத்து மேசை இழுப்பறையில் விட்டுப் போயிருந்தேன். இன்றுதான் எடுத்தேன். பூணின் ஓரத்திலும் உள்தகடுகளின் பித்தளையிலும் பச்சையாக, மெழுகுபோல் விரலில் ஒட்டும் களிம்பு.

தோலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெயிலும் கொழுப்பிலும் உள்ள அமிலங்கள் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் ஒருவகைச் சோப்பு அது. சமையலறைப் பித்தளையில் வரும் வறண்ட களிம்பு போலன்றி வழவழப்பாக இருப்பது அதனால்தான். மரக்குச்சியால் சுரண்டி, எண்ணெய்த் துணியால் துடைத்ததும் போய்விட்டது. அடியில் உலோகம் சற்று மங்கியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் வெறும் பையில் கிடந்த கத்திக்கு ஒரு நாளும் இது வந்ததில்லை.

6 ஜூலை 2024

'குரோம் தோலால்தான் வந்தது, உங்கள் ஊர்ப் பட்டைத் தோலில் வராது' என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். பட்டைத் தோலுக்கும் கடைசியில் புங்க எண்ணெய் தேய்ப்போம் என்றார். பட்டைத் தோல் புளித்தன்மை உள்ளது, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்; ஈரத்தில் அது இரும்பை என்ன செய்யும் என்பதை ஜனவரியில் நானே மை காய்ச்சிக் காட்டினேன். எந்தத் தோலானாலும் சுமப்பதற்கு உறை, கிடப்பில் போடுவதற்கு உறை கூடாது. இரவில் வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, பருத்தித் துணிமேல் வைக்கிறேன். உறை பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது.

செல்லுலாய்ட் பிடி போட்ட பழங்கத்தி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பொருள் நாள்பட்டுச் சிதையும்போது தானே அமில ஆவி விடும். மூடிய உறையில் வைத்தால் அந்த ஆவி அலகையே தின்றுவிடும், பக்கத்துக் கத்தியையும் சேர்த்து.

13 ஜூலை 2024

இன்னொரு சந்தேகம் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. உறை போட்ட பிறகு நான் கத்தியைக் குறைவாகப் பயன்படுத்துகிறேன். முன்பெல்லாம் அலுவலகத்தில் பார்சல் வந்தால் என் கைதான் முதலில் பைக்குப் போகும். இப்போது உறையோடு எடுத்து, உறையிலிருந்து உருவி, உறையை எங்கே வைப்பது என்று பார்த்து, அதற்குள் பக்கத்து மேசைக்காரர் சாவியால் டேப்பைக் கிழித்துவிடுகிறார். பூணில் புதிய கீறல் விழாதது உறையால்தானா, கத்தியே வெளியே வராததாலா?

உறையின் ஆழத்தைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன். பிடியின் மேல்முனை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நின்றால், உறையைப் பையிலேயே விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் உருவ முடியும்.

27 ஜூலை 2024

வேலை செய்கிறது, ஆனால் ஒன்றரை விரல்தான் சரி. இரண்டு விரல் வெட்டியபோது, குனிந்து காலணி கட்டுகையில் கத்தி நழுவிப் பையின் அடிக்குப் போய் மறுபடி குறுக்கே படுத்துவிட்டது. தோலை அதிகமாக வெட்டியபின் ஒட்ட முடியாது என்பதால் இது மூன்றாவது உறை. உறையின் உட்புறம் பையின் பின்தையலோடு உரசும் இடத்தில் வழவழப்பாகிவிட்டால் உறையும் கத்தியோடு சேர்ந்தே வெளியே வரும். அதனால் தோலின் மெல்லிய மயிர்ப்பக்கம் உள்ளே, சொரசொரப்பான சதைப்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருக்கிறேன். பார்க்க அழகில்லை. கடைக்காரர் யாரும் இப்படித் தைக்கமாட்டார்.

28 ஜூலை 2024

மேலே 'உறையின் உட்புறம்' என்று எழுதியது தவறு. வெளிப்புறம் என்று படிக்கவும்.

18 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட நண்பர் ஒன்பது மாதங்களுக்குப் பிறகு வந்து, தம் கத்தியை இன்னும் வெறுமனேதான் வைத்திருப்பதாகவும், பரிசாக வந்த உறையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். தூசுப் பட்டையை மட்டும் எடுத்துப் பார்த்தாராம், அவருடையது ஒன்றரை சென்டிமீட்டர்.

என் மூன்றாவது உறையின் அடித்தையல் நேற்று விட்டுப்போனது. மீண்டும் தைக்க உட்கார்ந்தேன். நூலை அளந்து, மெழுகு பூசி, அறுப்பதற்குக் கத்தியைத் தேடினால் மேசையில் இல்லை. கால்சட்டைப் பையின் அடியில், மனைவி புதிதாகத் தைத்துக்கொடுத்த ஒட்டுத்துணியின்மேல், குறுக்கே படுத்திருந்தது.